கல்லாவை விட்டு எழுந்தால் வியாபாரம் போய்விடுமா?

புதன்கிழமை விடிவதற்கு முன்பே உளுந்தூர்பேட்டை ஆட்டுச் சந்தை கூடிவிடும். வண்டிகளிலிருந்து ஆடுகளை இறக்கும் சத்தம். டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பிளந்து பல் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். தோள் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போர்த்திக்கொண்டு, வாயைத் திறக்காமல் விரல் பிடித்தே விலை பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். வெயில் ஏறும்போது பெரும்பகுதி வியாபாரம் முடிந்திருக்கும். தீபாவளி, பக்ரீத் நெருங்கும் வாரமென்றால் கோடிக்கணக்கான ரூபாய் அந்தச் சில மணி நேரத்துக்குள் கைமாறிவிடும். ஆட்டை விற்றவர் டீ குடித்து, பணத்தை மடியில் முடிந்துகொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்.

அதே மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி துருகம் சாலையிலோ சேலம் சாலையிலோ ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறவர் இரவு பத்து மணிக்கு இறக்குகிறார். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம். ஞாயிறும் திறந்திருக்கும் கடை என்றால் வாரத்துக்கு 112 மணி நேரம். வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம்தான். மகளின் பள்ளி ஆண்டு விழா, தம்பி வீட்டுக் காதுகுத்து, சர்க்கரை வியாதிக்கான ரத்தப் பரிசோதனை எல்லாமே "கடையை யார் பார்ப்பது?" என்ற ஒரே கேள்வியில் தள்ளிப்போகின்றன.

இந்த 112 மணி நேரத்தில் வியாபாரம் நடப்பது எத்தனை மணி நேரம்? பில் போடும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைக்காரர் யாராக இருந்தாலும் ஒரு மாதக் கணக்கை மணிவாரியாக எடுத்துப் பார்க்கலாம். பள்ளிக்கும் வேலைக்கும் ஆட்கள் கிளம்பும் காலை நேரம், வேலை முடிந்து திரும்பும் மாலை நேரம் என்று இரண்டு ஏற்றங்கள் அதில் தெரியும். நடுவில் இருக்கும் நீண்ட பகல் பெரும்பாலும் காத்திருப்புதான். முதலாளி அங்கே உட்கார்ந்திருப்பதற்கு விற்பனை மட்டும் காரணமில்லை. விலை அவர் வாயில் இருக்கிறது, கடன் பாக்கி அவர் மனதில் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. அவர் எழுந்தால் கடையும் கூடவே எழுந்துவிடும்.

குறைந்த நேரம் உழைத்து நன்றாகத் தொழில் நடத்த முடியுமா என்பது இன்று ஊர் முழுக்கப் பேசப்படும் கேள்வி. இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். லார்சன் அண்ட் டூப்ரோவின் தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் அதை 90 மணி நேரமாக உயர்த்திச் சொன்ன பேச்சு 2025 ஜனவரியில் நாடு முழுக்கக் கொந்தளிப்பை உண்டாக்கியது. தமிழ்நாட்டுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. அந்த ஆண்டு மே தினத்தன்றே முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

மறுபக்கம், நேரத்தைக் குறைத்துப் பார்த்தவர்களின் அனுபவமும் கையில் இருக்கிறது. 2022-ல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள், சம்பளத்தைக் குறைக்காமல், வாரம் நான்கு நாள் வேலையை ஆறு மாதம் சோதித்தன. 56 நிறுவனங்கள் சோதனைக்குப் பிறகும் அதைத் தொடர்ந்தன. 2019 ஆகஸ்டில் ஜப்பானின் மைக்ரோசாஃப்ட் கிளை வெள்ளிக்கிழமைகளில் மூடியிருந்தது. ஒரு ஊழியருக்கான விற்பனை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. இவற்றில் பெரும்பாலானவை மேசை வேலைகள். கூட்டங்களைச் சுருக்கினாலே அங்கே நேரம் மிச்சமாகும். கரும்பும் மரவள்ளியும் மளிகையும் அப்படிப்பட்டவை அல்ல. கள்ளக்குறிச்சிக்கு வேண்டிய பாடம் தமிழ்நாட்டின் தெற்கே, செட்டிநாட்டில், நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

பர்மா, இலங்கை, மலேயா என்று நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவிற்ற காலம் அது. 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. அவற்றுள் பலவற்றின் முதலாளிகள் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்தார்கள். கப்பல் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் கடை. தொலைபேசி கிடையாது. அப்படியிருந்தும் அந்தக் கடைகள் தலைமுறை தலைமுறையாக நடந்தன. எப்படி?

முதலாளி ஒரு மேலாளை நியமித்து, அவர் பெயரில் முக்தியார் எழுதிக் கொடுப்பார். தவணை மூன்று ஆண்டு. சம்பளம் அந்த மூன்று ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே பேசப்படும். ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போகும். மேலாளுக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். கடைசிப் படியில் நுழைகிற சிறுவன் கணக்கும் கடிதமும் பழகி, அடுத்தாளாகி, ஒரு நாள் மேலாளாவான். அதிர்ஷ்டமும் சேமிப்பும் இருந்தால் சொந்தக் கடை வைப்பான். கடையிலிருந்து கணக்கும் ஐந்தொகையும் தவறாமல் ஊருக்கு வந்தன. வரவு, செலவு, பற்று, நிலுவை அத்தனையும் அந்தத் தாளில் இருந்ததால், திண்ணையில் சாய்ந்தபடி அதைப் படிக்கிற முதலாளிக்கு இரங்கூன் கடையின் நாடித்துடிப்பு தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. நடப்பு வட்டியை ஒவ்வொரு கடையும் தனித்தனியாகப் பேரம் பேசி முடிவு செய்யவில்லை. இரங்கூனில் நகரத்தார் கோயிலில் கூடி, மாதத்துக்கொரு முறை அதைப் பொதுவாக நிர்ணயித்தார்கள். ஆயிரம் பேரின் பேரம் ஒரு மாலைக் கூட்டத்தில் முடிந்தது. உளுந்தூர்பேட்டைச் சந்தையில் நடப்பதும் இதுதான்: எல்லோருக்கும் பொதுவான வேலையை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முடித்துவிடுவது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. மேலாளின் மனைவியும் பிள்ளைகளும் மூன்று ஆண்டு அவர் முகம் பார்க்காமல் ஊரில் இருந்தார்கள். பெட்டியடிப் பையனுக்கு நேரக் கணக்கே கிடையாது. முதலாளியின் ஓய்வு அவர்கள் முதுகில் நின்றது. ஆகவே நகரத்தாரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது நம்பிக்கையை எழுத்தில் வடித்த அந்தக் கணக்கு முறையையும், கீழே இருப்பவன் மேலே வர வழிவைத்த அந்தப் படிக்கட்டையும்தான். ஆளைப் பிழிந்த பகுதி வேண்டாம்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று உதயமானது. நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி என்று விவசாயத்தைச் சுற்றியே இங்கு பெரும்பாலான தொழில் நடக்கிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு போட்டவருக்கு வயலில் வேலை எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மனம் கனக்கும். வெட்டு உத்தரவுக்குக் காத்திருப்பு, வெட்டாளுக்குக் காத்திருப்பு, டிராக்டருக்குக் காத்திருப்பு, ஏற்றிய பிறகு ஆலை வாசலில் வரிசை, எடை போட்ட பிறகு பணத்துக்கு. பொதுவாக எந்த ஆலைப் பகுதியிலும் நடப்பதுதான் இது. வெட்டிய கரும்பு காயக் காய அதன் சர்க்கரைக் கட்டுமானமும் எடையும் குறையும். ஆக, விவசாயியின் நேரத்தைத் தின்னும் வரிசை ஆலையின் லாபத்தையும் தின்கிறது. உத்தரவில் போட்ட தேதியும் நேரமும் காப்பாற்றப்பட்டால் இரண்டு பக்கமும் மிச்சம்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே வந்தவை. மூட்டைகளை இறக்கி வைத்தால், வியாபாரிகள் வந்து பார்த்து, மறைமுக ஏலத்தில் விலை எழுதிப் போடுவார்கள். விவசாயி கடை கடையாக அலைய வேண்டாம். 2016-ல் தொடங்கிய இ-நாம் திட்டம் அதே ஏலத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. ஏலம் முடிந்த அன்றே எடையும் முடிந்து வங்கிக்குப் பணமும் போய்விட்டால், ஒரு பருவத்தின் விற்பனை வேலை ஒரு பகலில் தீரும். எடைக்கு ஒரு நாள், பணத்துக்கு நான்கு நாள் என்று இழுத்தால், வீட்டுக்கே வந்து கொள்முதல் செய்யும் தரகர் குறைந்த விலை சொன்னாலும் விவசாயி அவரிடம்தான் போவார். விவசாயியைக் குறை சொல்ல முடியாது. அவர் விற்பது மக்காச்சோளத்தை மட்டுமில்லை, தன் நாட்களையும் சேர்த்து விற்கிறார்.

மரவள்ளி இன்னும் அவசரமான சரக்கு. பறித்த இரண்டு மூன்று நாளில் கிழங்கு கறுக்கத் தொடங்கும். ஆலையில் மாவுச்சத்தை அளந்து "இத்தனை பாயிண்ட்" என்று சொல்லி விலை போடுவார்கள். பாயிண்ட் குறைந்தால் விலையும் இறங்கும். லாரி ஏற்றிவிட்டவர் திரும்பக் கொண்டுபோகவும் முடியாது. அந்தக் கிழங்கை ஜவ்வரிசியாக்கும் ஆலைக்காரர்களும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தார்கள். தயாரித்த சரக்கை விற்க வியாபாரிகளையும் தரகர்களையும் நம்பி நின்றார்கள். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. உறுப்பினர் ஆலைகள் மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் இறக்குகின்றன. சங்கம் டெண்டர் வழியாக விற்றுத் தருகிறது. இருப்பின் பேரில் முன்பணமும் கிடைக்கிறது. ஆலை முதலாளிக்கு வாங்குபவரைத் தேடி அலையும் வேலை, கொடுத்த சரக்குக்குப் பணம் வசூலிக்கும் வேலை இரண்டும் குறைந்தன. ஆலைக்காரருக்குக் கிடைத்த இந்த வசதி, கிழங்கு பறிக்கிறவர்களுக்கு இன்னும் இதே அளவில் கிடைக்கவில்லை. அவர்களுள் பலர் மலை மேல் இருக்கிறார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறும் சாலை வெள்ளிமலைக்குப் போகிறது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் அங்கே சிதறிக் கிடக்கின்றன. நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-ல்தான் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. ஐம்பது ஆண்டு முன்புவரை இங்கு வாழ்ந்தவர்களின் உழைப்பு நேரம் அவர்களுடையதாகவே இருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இம்மலையின் பொருளாதாரத்தைப் பேச வேண்டும்.

சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன், பலா. மலையில் விளைவதற்கும் கிடைப்பதற்கும் குறைவில்லை. சாமையை எடுத்துக்கொண்டால், அறுத்து, அடித்து, காயவைத்து, உரலில் போட்டு இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடி இடித்துத்தான் அரிசி எடுத்தார்கள். ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை பிடித்தார்கள். மலையிலேயே ஓர் உமி நீக்கும் எந்திரம் ஒழுங்காக ஓடினால் அந்த வேலை நிமிடங்களில் முடியும். உமியோடு விற்கும் சாமையைவிட அரிசியாக விற்கும் சாமைக்கு விலையும் கூடும். உழைப்பு நேரம் குறைந்து வருமானம் கூடுவதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு உலகில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கடுக்காய் வேறு கதை. பொறுக்குவதும் காயவைப்பதும் பெரிய பாடு. அதைச் சுமந்துகொண்டு இறங்கி, பஸ் பிடித்து, விற்று, திரும்பி ஏறுவதில் ஒரு நாள் கழிந்துவிடும். தலையில் சுமந்து வரும் ஒரு மூட்டையின் விலையில் ஒரு நாள் கூலியைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? அதனால்தான் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கிறவர் சொன்ன விலைக்குச் சரக்கு போகிறது. மலைவாழ் மக்களுக்காகப் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், ஊரார் 'லேம்ப்ஸ்' என்று சொல்பவை, ஏற்படுத்தப்பட்டதே மலைக்கும் சந்தைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

இந்த அலைச்சலோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கெடுத்து விசாரித்தது. சாலை, பேருந்து, ரேஷன் அட்டை என்று அடிப்படை வசதிகள் பற்றிய கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்தன. மலையில் சாராய ஊறல் போடுவது நீண்ட காலப் பிரச்சினை. அதற்குக் காவல் துறை நடவடிக்கை மட்டும் போதாது என்பதை எத்தனையோ ஆண்டு அனுபவம் காட்டிவிட்டது. நேர்மையான சரக்கை நேர்மையான விலைக்குக் குறைந்த அலைச்சலில் விற்க வழி இருந்தால், குறுக்கு வழியின் கவர்ச்சி குறையும். சாலையும் எடைமேடையும் சாராய ஒழிப்பின் பகுதிகளே.

எல்லாத் தொழிலிலும் நேரத்தைக் குறைத்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைப் பாருங்கள். மரத்துண்டைக் கோடு போட்டு வெட்டி, உருட்டாக வடிவம் எடுப்பதுவரை உதவியாள் செய்யலாம். முகமும் விரல்களும் ஆபரணக் கொத்தும் ஆசாரியின் கைக்கு வரும். சிற்றுளியை மூக்கு நுனியில் வைத்து, கொட்டாப்புளியால் தட்டினாரா தொட்டாரா என்று தெரியாதபடி ஒரு சீவல் எடுப்பார். பிறகு தலையைச் சாய்த்துச் சற்று நேரம் பார்ப்பார். அந்தப் பார்வை நேரத்தைச் சுருக்கினால் சிற்பம் கெடும். எந்திரம் வைத்துக் கதவுக்குப் பூவேலை செய்துவிடலாம். குறியீடு காப்பாற்றுவது அதை அல்ல. சிற்பியின் நாளில் குறைய வேண்டியவை மரம் தேடும் நேரம், வாங்குபவரைத் தேடும் நேரம், கொடுத்த சிலைக்குப் பாக்கி கேட்டு நடக்கும் நேரம். உளி பிடிக்கும் நேரத்தை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

துருகம் சாலைக் கடைக்காரருக்குத் திரும்புவோம். செட்டிநாட்டு முதலாளிக்குக் கிடைக்காத வசதி அவருக்கு இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி, பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. அதே தகவல் வீட்டில் இருப்பவரின் போனுக்கும் வருகிறது. விலைகளை அட்டையில் எழுதி ஒட்டலாம். கடன் நோட்டை மனதிலிருந்து தாளுக்குக் கொண்டுவரலாம். பத்து ஆண்டாக மூட்டை தூக்கும் பையனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்து, லாபத்தில் ஒரு பங்கு பேசி, அவனை அடுத்தாள் ஆக்கலாம். வெற்றிகரமாக நடக்கும் எந்தக் கடையிலும் முதலாளி இல்லாத ஒரு வாரத்தைத் தாங்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். அது இல்லாத கடை எவ்வளவு சம்பாதித்தாலும், முதலாளிக்கு ஒரு காய்ச்சல் வந்தால் ஆட்டம் காணும்.

ஆனால் முதலாளி வீட்டுக்குப் போக, பையன் பதினாறு மணி நேரம் நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. வார விடுமுறையும் கொடுத்தது. கடை ஊழியருக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தனியாக ஒரு திருத்தமே தேவைப்பட்டது என்றால், நிற்க வைத்தே வேலை வாங்கும் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்று புரியும். இருவர் முறைவைத்துக் கடையைப் பார்ப்பதற்குக் கூலி கூடுதலாகத்தான் ஆகும். தூங்கி எழுந்த முதலாளி சரக்கு வாங்குவதில் செய்யும் ஒரு நல்ல முடிவு அந்தக் கூலியை ஈடுகட்டும் என்பதே அனுபவசாலிகளின் கணக்கு.

ஒரு கடை மட்டும் தனியாக மூடினால் வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் மாநிலம் முழுக்கப் பல கடைகள் ஒன்றாக அடைக்கப்படுகின்றன. மறுநாள் யாருக்கும் வியாபாரம் குறைந்துபோவதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் சாத்தியமானதை வாரத்துக்கு அரை நாளாக நீட்டிப் பார்க்கக் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வணிகர் சங்கங்கள் கூடிப் பேசலாம். மருந்துக் கடையும் பால் கடையும் விதிவிலக்காக இருக்கட்டும். ஆறு மாதம் சோதித்து, கணக்கை எடுத்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிய திட்டம் அல்ல. வெள்ளிமலையில் வாரத்தில் ஒரு நாள், தவறாமல், எடைமேடையும் விலைப்பலகையும் வாங்குகிறவர்களும் பணமும் ஒரே இடத்தில் சேர வேண்டும். கிழங்கின் பாயிண்ட்டை விற்கிறவர் கண்ணெதிரே அளந்து சொல்ல வேண்டும். சாமைக்கு உமி நீக்கும் எந்திரம் பழுதில்லாமல் ஓட வேண்டும். அந்த நாளில் தொலைவில் இருக்கும் ஊர்களிலிருந்து மூட்டைகளை ஏற்ற ஒரு வண்டி வர வேண்டும். மாவட்ட நிர்வாகமும் கூட்டுறவுத் துறையும் மனம் வைத்தால், அடுத்த மரவள்ளி அறுவடை தொடங்குவதற்குள் இதைச் செய்து முடித்துவிட முடியும்.